பானட்டுக்கு அடியில் ஒரு மெத்தை

எங்கள் பட்டறை வரிசையில் கார் சீட் தைப்பவரை எல்லோரும் தீப்பெட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் புகை பிடிக்கிறவர் இல்லை. ஆனாலும் சட்டைப் பையில் அளவு நாடாவும் தீப்பெட்டியும் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. ரெக்சின், ஃபோம், பஞ்சு, நூல் என்று எது புதிதாக வந்தாலும் ஓரத்தில் நகத்தளவு வெட்டி, இடுக்கியில் பிடித்து, குச்சியை உரசுவார். எப்படிப் பற்றுகிறது, எப்படி அணைகிறது, சொட்டுகிறதா, சுருங்குகிறதா, வாடை என்ன என்று பார்த்து முடித்த பிறகுதான் வாடிக்கையாளரோடு பேச்சு.

அவருடைய மனைவி உள் அறையில் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பார். கணவர் குச்சி உரசும் சத்தம் கேட்டால் மெஷினை நிறுத்தாமலே குரல் கொடுப்பார்.

"எங்க கல்யாணத்துக்கு எடுத்த பட்டுலயே ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாத்த மனுஷன். ஏதோ என் தலைமுடியை விட்டுவச்சாரு."

"நீ அசல்னு பாத்ததுமே தெரிஞ்சிடுச்சு" என்பார் இவர், தலையைத் தூக்காமல்.

எதிர்ச்சாரியில் நான் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். இந்தப் பேச்சு எனக்கு மனப்பாடம். பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் அவரே ஒரு மழை நாளில் சொல்லியிருக்கிறார். வாலிப வயதில் பேருந்துகளுக்குக் கூடு கட்டும் இடத்தில் வேலை பார்த்தார். முடியும் நிலையில் இருந்த ஒரு பேருந்துக்குள் வெல்டிங் பொறி முன் இருக்கையில் விழுந்தது. பற்றிய தீ கடைசி இருக்கைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஓர் ஆள் பேருந்தின் நீளத்தை நடந்து முடித்திருக்க முடியாது. உள்ளே கூரைத் துணி ஒட்டிக்கொண்டிருந்த ஒருவர் பின்கதவு வழியாக வெளியே வந்துவிட்டார். ஆனால் அவர் வீட்டு ஆட்கள் அவரைக் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். அந்த இருக்கைகளுக்குப் பஞ்சு சப்ளை செய்தவர் அது தீப்பிடிக்காத சரக்கு என்று சத்தியம் செய்து கொடுத்திருந்தார். அதற்குப் பிறகு தீப்பெட்டி எந்த வியாபாரியின் வாய்வார்த்தையையும் காதில் வாங்குவதில்லை. குச்சி சொன்னால் சரி.

அவருடைய அக்கா வீட்டுக்காரர் ஒரு காலத்தில் ஊர் ஊராகப் போய் மருந்து விற்றவர். அப்போது வாங்கிய கார் இன்னும் அவரிடம் இருக்கிறது. முன்பக்கம் கன்னம் உப்பியது போல உருண்டையாக இருக்கும் பச்சை வண்டி, பெயர் ராணி. ஒரே மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து அந்த வண்டியில்தான் வீட்டுக்கு வந்தாள். இப்போது அந்த மகளுக்குப் பேறுகாலம். பேரப்பிள்ளையும் ராணியில்தான் வீட்டுக்கு வர வேண்டும் என்று மனுஷர் ஒற்றைக் காலில் நின்றார்.

ஒரு சிக்கல் இருந்தது. பானட்டின் உட்புறம் ஒட்டியிருந்த பழைய மெத்தை, இன்ஜின் சூட்டையும் சத்தத்தையும் தடுப்பதற்காக வைத்தது, இற்றுப்போய் உதிர ஆரம்பித்திருந்தது. தூள் இன்ஜின் மேல் விழுந்ததோடு நிற்கவில்லை. கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத் துளைகள் வழியாக வண்டிக்குள்ளும் வந்தது. அக்கா ஒரு வெள்ளைத் துணியால் முன் சீட்டைத் துடைத்து, கரிப்பானையைத் தேய்த்தது போல ஆகியிருந்த அந்தத் துணியை அப்படியே தம்பியின் வேலை மேஜையில் கொண்டுவந்து போட்டார்.

"இதையா புள்ள மூச்சுல இழுக்கணும்? நீயே சொல்லு."

"இழுக்காது. நான் பாத்துக்கறேன்" என்றார் தீப்பெட்டி.

அடுத்த நாளே வேலை தொடங்கியது. பழைய மெத்தையில் என்ன நார் இருக்கிறதோ என்று அவருக்குப் பயம். அந்தக் காலத்துச் சரக்கில் நுரையீரலைத் தின்னும் நார் கலந்திருக்கலாம் என்று கேள்விப்பட்டிருந்தார். மூக்கை மூடிக் கட்டிக்கொண்டு, மனைவியைத் தெருவுக்கு அனுப்பிவிட்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்து ஈரமாகவே சுரண்டி எடுத்தார். சுரண்டியதை இரட்டைப் பையில் கட்டினார். அன்று போட்டிருந்த சட்டையையும் அதற்குள்ளேயே திணித்தார். இவ்வளவு கவனமான ஆளைக் கண்முன் வைத்துக்கொண்டு கெட்டது ஏதும் நடக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

பிறகு மாற்றுச் சரக்கு தேடும் படலம். மேஜையில் மூன்று துண்டுகளை வரிசையாக வைத்தார். ஒன்று, முதுகில் பசை தடவி வரும் கறுப்பு ஃபோம். இரண்டாவது, கட்டம் கட்டமாகத் தையல் போட்ட பழுப்பு ஃபெல்ட். பார்ப்பதற்கு அசலாக வந்த மெத்தை போலவே இருக்கும். மூன்றாவது கண்ணாடி நார்ப் பாய், இன்ஜினைப் பார்க்கிற முகத்தில் வெள்ளித்தாள் ஒட்டியது. சில வண்டிகளுக்கு அவர் முன்பே போட்டதுதான், ஆனால் புதிதாக வந்த சுருள் என்பதால் இதற்கும் குச்சி உண்டு.

அத்தான் வந்தவுடன் ஃபெல்ட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இதான். அப்படியே பழசு மாதிரி. போட்டுடு மச்சான்."

"அத்தான், கொளுத்திப் பாக்காம எப்படி?"

"உனக்கு எதையாவது கொளுத்தலன்னா சோறு இறங்காதே!"

ஃபோம் முதலில் போனது. பற்றிய மாத்திரத்தில் கறுப்பு மணிகளாக உருகி, ஒவ்வொரு மணியும் எரிந்துகொண்டே தரையில் விழுந்தது. அத்தான் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஃபெல்ட்டில் மேலே ஓடிய சுடர் தானாகவே அணைந்தது. "பாத்தியா" என்று அத்தான் கை தட்டினார். தீப்பெட்டி அந்தத் துண்டைத் தகரத் தட்டில் வைத்து, எல்லோருக்கும் தேநீர் வரவழைத்தார். குடித்து முடித்த பின்பு துண்டைப் பிளந்து காட்டினார். வெளியே ஆறிப்போயிருந்த அதன் நடுவில் ஒரு சிவப்புப் புழு நெளிந்துகொண்டிருந்தது. மெதுவாக, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு.

அக்கா எழுந்து நின்றுவிட்டார். "இதை என் கண்ணுல காட்டாத."

வெள்ளிப் பாய்க்கு மூன்று குச்சிகள் செலவாயின. தாள் கொஞ்சம் கறுத்ததோடு சரி. நார் அசையவே இல்லை.

"அதைப் போட்டா பானட்டைத் தூக்கினதும் பாத்திரக் கடை மாதிரி மினுக்குமேடா" என்று அத்தான் முனகினார். "ராணிக்கு மரியாதை வேணாமா?"

"மூடி வச்சிருக்கறதை எவன் வந்து பாக்கப் போறான்? புள்ளைக்கு ஆகாதது ராணிக்கும் வேணாம்" என்றார் அக்கா. அத்தோடு முடிந்தது.

கண்ணாடி நார் உதிரக் கூடாது என்பதற்காக ஓரம் முழுவதும் நாடா மடித்து மனைவி தைத்தார். பானட்டின் விலாச் சட்டங்களுக்கு அளவாக வெட்டி, என் கடையிலிருந்து எடுத்துப் போன உலோகக் கிளிப்புகளால் இவர் பொருத்தினார். அந்த மாடலுக்கான கிளிப் இப்போது வேறு யாரும் வைத்திருப்பதில்லை. நானும் வேலையைப் பார்க்க எதிர்ச்சாரிக்குப் போனேன். உண்மையாகவே அழகாக இருந்தது. எங்கும் ஒரு சுருக்கம் இல்லை.

மூடும்போது மட்டும் பானட் முழுதாக இறங்கவில்லை. ஒரு விரல்கடை இடைவெளி நின்றது. தீப்பெட்டி குனிந்து பார்த்தார், மெத்தையை உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தார்.

"புதுசுல்ல, விறைப்பா இருக்கு. சீட் மாதிரிதான். கொஞ்ச நாள் போனா தானா அமுங்கிடும்."

முப்பது நாற்பது வருடம் சீட் தைத்தவர் சொல்லும் வார்த்தை அது. சீட்டைப் பொறுத்தவரை அது தவறே இல்லை. அத்தான் பானட்டின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றி, உடம்பின் பாரத்தைக் கொடுத்தார். டப் என்று பூட்டு விழுந்தது.

உள்ளே மெத்தையை முட்டிக்கொண்டு நின்றது பேட்டரி. பழைய பேட்டரி போன பிறகு அத்தான் எங்கோ ஒரு பெரிய வண்டிக்கான பேட்டரியை வாங்கித் தானே மாட்டியிருந்தார். அது உயரம் அதிகம். அதன் இரண்டு முனைகளும் வெளியே துருத்திக்கொண்டிருந்தன. மேலே போடும் ரப்பர் மூடி அந்த அளவுக்குச் சேரவில்லை என்று அதைக் கழற்றி வீசியிருந்தார். யாரும் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை.

சில நாட்கள் கழித்து வண்டியைக் காட்டுவதற்காகவே அத்தான் வரிசைக்குள் ஓட்டிக்கொண்டு வந்தார். சத்தம் பாதியாகக் குறைந்துவிட்டது என்று பூரிப்பு.

"ரேடியோதான் மேடு பள்ளத்துல படக்குனு நின்னு வருது. ராணிக்கு விக்கல்."

"விளக்கு?" என்று கேட்டார் தீப்பெட்டி.

"அதுவும் கண்ணடிக்குது. வயசானாலும் அவ குணம் போகல."

தீப்பெட்டி மூக்கைச் சுளித்தார். லேசான ஒரு வாடை இருந்தது. பானட்டைத் தூக்கினார். வெள்ளிப் பரப்பில் மிளகு அளவில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. கட்டை விரலால் தேய்த்தார். கொஞ்சம் போனது, மீதி போகவில்லை. பழைய இன்ஜின் எண்ணெய் தெறிக்கும், அதுதான் என்றார். ஆனாலும் மனம் கேட்காமல் உள்ளே போய், மிச்சத் துண்டை வாசலுக்கு எடுத்துவந்து இன்னொரு குச்சியை உரசிப் பிடித்தார். பற்றவில்லை. அவர் முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்ததை நான் என் கடையிலிருந்தே பார்த்தேன். இந்த முறை பானட்டை அவரே அழுத்தி மூடினார். முன்பைவிடச் சுலபமாக மூடியது.

"சொன்னேன்ல, அமுங்குது பாருங்க" என்றார்.

பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புகிற அன்று காலை அத்தான் ராணியைக் கழுவித் துடைத்து, அக்காவை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். தீப்பெட்டி பட்டறையில் குழந்தைக்கு ஒரு சின்ன மெத்தை தைத்துக்கொண்டிருந்தார். அதற்கு வாங்கிய பஞ்சுக்கும் குச்சி வைத்தாகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் வரிசையின் கோடியில் வண்டி வயரிங் பார்க்கும் ஆள் வந்தார். ஃபியூஸ் என்று கூப்பிடுவோம். பல நாள் தங்கை வீட்டில் இருந்துவிட்டு அன்றுதான் திரும்பியிருந்தார். ஊர்க்கதை பேசிக்கொண்டே மேஜையில் கிடந்த வெள்ளித் துண்டை எடுத்தார்.

"என்ன அண்ணே, பானட்டுக்கா? எந்த வண்டி?"

"அத்தானோடது."

"பேட்டரிக்கு மேல ரப்பர் போட்டீங்களா?"

"எதுக்கு?"

ஃபியூஸ் முதலில் சிரித்தார். தீப்பெட்டி சிரிக்காததைப் பார்த்து அவரும் நிறுத்தினார். இடுப்பில் தொங்கிய சோதனை விளக்கை எடுத்து, மூலையில் கிடந்த ஒரு பேட்டரியில் அதன் வயரை மாட்டி, பேட்டரியின் மறுமுனையில் வெள்ளித்தாளை வைத்து, அதை விளக்கின் ஊசியால் தொட்டார். சின்ன பல்பு பளிச்சென்று எரிந்தது.

"இது நெருப்புக்குத்தான் பயப்படாது அண்ணே. கரண்ட்டை ரெண்டு கையாலயும் வாங்கிக்கும். முனையில பட்டா வெள்ளித்தாள், கிளிப், பானட்னு வண்டி உடம்பு பூராப் பாயும். பேட்டரி வேற காஸ் விடும். ஒரு பொறி போதும்..."

எரிகிற அந்த பல்பை நோக்கித் தீப்பெட்டியின் விரல் போய் நின்றது. "விளக்கு கண்ணடிக்குதுன்னாரு" என்றார். "கறுப்பா ஒரு புள்ளி இருந்துச்சு. நான் தேய்ச்சு விட்டேன்."

உள்ளே மெஷின் நின்றது.

அத்தானுக்குப் போன் செய்தார்கள். வண்டி ஓட்டும்போது அவர் எடுக்க மாட்டார்; அதில் அவருக்குப் பெருமை. அக்காவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அது டிக்கியில் இருந்த பையில் கிடந்தது என்று பின்னால் தெரிந்தது. இவருக்கு மருமகளான அக்கா மகளின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது, குழந்தை தூங்குவதற்காக. தீப்பெட்டியின் மனைவி வாசலுக்கு வந்து, "இங்க நின்னு அழுத்திக்கிட்டே இருந்தா ஆச்சா? போங்க!" என்று கத்தினார். ஃபியூஸ் ஸ்கூட்டரை உதைத்தார். தீப்பெட்டி பின்னால் ஏறினார். அதற்குப் பிறகு நடந்ததை எனக்கு ஃபியூஸ் சொன்னார்.

ஆஸ்பத்திரி வாசலில், பச்சை வண்டி இப்போதுதான் போனது என்றார் காவலாளி. வீட்டுக்குப் போகும் வழியில் வரிசையாக வேகத்தடைகள், அதற்கு அப்புறம் பாலம். பாலத்தின் இணைப்புகளில் எந்த வண்டியும் தூக்கிப் போடும். தீப்பெட்டி ஒவ்வொரு வேகத்தடையிலும் கண்ணை மூடிக்கொண்டாராம். ஸ்கூட்டர் குதித்தபோது அவர் நினைத்தது வேறு வண்டியின் குதிப்பை.

பாலத்துக்குக் கொஞ்சம் முன்பே ராணி தெரிந்தது. பச்சிளங்குழந்தை இருக்கிறதென்று அத்தான் சைக்கிளுக்கும் வழிவிட்டுக்கொண்டு போனார். இவர்கள் பக்கத்தில் போய்க் கை ஆட்டினார்கள். வரவேற்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அவர் பெரிதாகச் சிரித்து, இரண்டு முறை ஹாரன் அடித்தார். இரண்டாவது ஹாரன் பாதியில் செத்தது. பின் சீட்டில் மருமகள் துணியில் சுற்றிய குழந்தையைக் கண்ணாடிப் பக்கம் தூக்கிக் காட்டினாள், மாமா பார்க்கட்டும் என்று. முன்பக்கக் கம்பிகளுக்கு இடையிலிருந்து நூல் போல ஒரு புகை வந்துகொண்டிருந்தது.

ஃபியூஸ் ஸ்கூட்டரை நடுரோட்டில் குறுக்கே போட்டார்.

"அறிவிருக்காடா! உள்ள புள்ள இருக்கு!" என்று அத்தான் இறங்கினார்.

"அதுக்குத்தான் அத்தான். எல்லாரும் இறங்குங்க. பேச்சு அப்புறம்."

"மாமா, என்ன ஆச்சு?"

"இறங்கும்மா. தூரப் போ. இன்னும் தூரப் போ."

அந்தக் குரலில் அவர் யாரிடமும் பேசியதில்லை. மருமகள் செருப்பைக்கூடத் தேடாமல் குழந்தையோடு நடந்தாள். அக்கா அவள் முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே போனார். குழந்தை விழிக்கவில்லை.

பானட் பூட்டை விடுவித்தும் அது எழும்பவில்லை. மெத்தை பேட்டரியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தீப்பெட்டி இரண்டு கைகளாலும் தூக்கியபோது துணி கிழிவது போலச் சத்தமும் நீல வெளிச்சமும் ஒன்றாக வந்தன. ஃபியூஸ் ஸ்பேனரைப் போட்டுப் பேட்டரி வயரைக் கழற்றினார். அதன் பிறகுதான் இருவரும் மூச்சு விட்டார்கள். வெள்ளியில் மிளகுப் புள்ளி இருந்த இடத்தில் உள்ளங்கை அளவு ஓட்டை. விளிம்பெல்லாம் உருகி மணி மணியாக நின்றது. பேட்டரி முனையில் வெள்ளிப் பொருக்கு. அதற்கு ஒரு சாண் தள்ளிப் பெட்ரோல் குழாய். அதன் மேல் சுற்றியிருந்த துணிநாடா பழுப்பேறியிருந்தது.

அத்தான் பேட்டரியின் பக்கம் கை காட்டினார்.

"அந்தப் பேட்டரி நான்தான்டா மாத்தினேன். மூடியை நான்தான் தூக்கிப் போட்டேன். உங்கிட்ட சொல்லணும்னு தோணல."

"நானும் கேக்கல அத்தான்."

அக்கா திரும்பி வரவில்லை. சாலையோரத்தில் நின்றபடியே ஒரு வாடகை வண்டியைக் கை காட்டி நிறுத்தி, மகளையும் பேத்தியையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். குழந்தையின் மூச்சில் தூள் போகக் கூடாது என்று அந்தப் பாயைத் தேர்ந்தெடுக்க வைத்தது தன் சொல்தான் என்று பின்னால் அவர் தம்பி மனைவியிடம் அழுததாகக் கேள்வி.

ராணிக்கு உயரம் குறைந்த பேட்டரியும் ரப்பர் மூடியும் வந்தன. மெத்தையில் பேட்டரிக்கு நேர் மேலே வெள்ளித்தாளை உரித்துவிட்டு, அடியில் தடித்த ரப்பர் தைத்துக் கொடுத்தார் தீப்பெட்டி. ஆனால் விஷயம் அங்கே நிற்கவில்லை. வெள்ளிப் பாய் அவருக்குப் பிடித்துப்போய் வெகுநாள் ஆகிவிட்டது. ராணிக்கு முன்பு இன்னும் சில பழைய வண்டிகளுக்கும் அதையே பொருத்தியிருந்தார். மறுநாள் காலை பட்டறையைத் திறக்காமல் அந்த வீடுகளுக்கெல்லாம் போனார். ஓர் இடத்தில் ஆபத்தில்லை, பேட்டரி தள்ளியிருந்தது. ஓர் இடத்தில் மிளகுப் புள்ளி இருந்தது. வீட்டுக்காரர்கள் அவரை உட்காரச் சொன்னார்கள். அவர் நின்றபடியே வேலையை முடித்துவிட்டு வந்தார்.

ஒரு வண்டி மட்டும் கிடைக்கவில்லை. சாம்பல் நிறம், ராணியின் அதே மாடல். வைத்திருந்தவர் வீட்டைக் காலி செய்துகொண்டு போகும்போது வண்டியை யாரோ ஒரு தரகரிடம் தள்ளிவிட்டார். தரகர் அதை இன்னொருவருக்குக் கொடுத்தார். வாங்கியவர் வெளியூர்க்காரர், கூட ஒரு சின்னப் பையன் இருந்தான், வண்டியைப் பார்த்துக் குதித்தான் என்பதற்கு மேல் தரகருக்கு ஒன்றும் நினைவில்லை. தீப்பெட்டி விசாரிக்காத இடமில்லை.

தீயணைப்பு வண்டி தெருமுனையில் மணியடித்துக்கொண்டு போனால் அவர் ஊசியைத் துணியிலேயே நிறுத்திவிட்டு நிமிர்கிறார். "ஏதோ அடுப்படியா இருக்கும், வேலையைப் பாருங்க" என்கிறார் மனைவி.

தினமும் கடை திறந்ததும் சாலையைத் தாண்டி என்னிடம் வருகிறார். அந்த மாடலுக்கான பானட் கிளிப் கேட்டு யாராவது வந்தார்களா என்று கேட்கிறார். கிளிப் உடைந்தால் அந்தச் சாம்பல் வண்டிக்காரர் தேடிக்கொண்டு என் கடைக்குத்தான் வந்தாக வேண்டும் என்பது அவர் கணக்கு. இல்லை என்கிறேன். தலையாட்டிவிட்டுப் போகிறார். இன்று காலையும் வந்தார்.